சும்மா இருக்க ஏலாத அபூதாஹிர்

மூதூர் அபூதாஹிரைச் சின்ன வயதில் ஓரிடத்தில் இருத்தி வைக்க எவராலும் முடியவில்லை. பள்ளிக்கூட வாங்குப் பலகையில் இருந்தால் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். வீட்டில் எல்லாரும் சகன் என்ற பெரிய தட்டத்தைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது பாதிச் சோற்றில் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். "இந்தப் புள்ளைக்கு உள்ளங்கால்ல எறும்பு" என்று அவருடைய உம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் வாப்பா அவரை மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடிய மோட்டர் லோஞ்ச் என்ற பயணிப் படகில் சேர்த்துவிட்டார். முதலில் கயிறு எறிவது, மூட்டை ஏற்றுவது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருசம், சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கிப்போக, முதலாளி அந்த வேலையை அபூதாஹிரிடம் கொடுத்தார். அப்போதுதான் ஊர் ஒரு புதுமையைக் கண்டது. சுக்கானுக்கு முன்னால் நின்றால் அபூதாஹிர் ஆடுவதில்லை, அசைவதில்லை, வாய் திறப்பதில்லை. கொட்டியாரக்குடாவைக் கடந்து துறைமுக வாய்க்குள் நுழைந்து ஜெட்டி என்ற இறங்குதுறையில் கட்டும் வரைக்கும் நட்டு வைத்த தூண்போல நிற்பார். "இவருக்குத் தரையில கால் நிக்காது, தண்ணியிலதான் நிக்கும்" என்று பயணம் போகும் பெண்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகள்தான் ஸல்ஹா. அவரைக் கலியாணம் செய்தாள், இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது. காற்றுக்குள் லோஞ்சைக் கட்டிக் காப்பாற்றப் போனவரின் தலையில், எங்கிருந்தோ பறந்து வந்த பலகை ஒன்று அடித்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்றே வீட்டில் நினைத்தார்கள். பிழைத்து வந்தார். காதுக்கு மேலே ஒரு தழும்பு மட்டும்தான் மிச்சம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருசம் ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடையில் கையிலிருந்த கோப்பையோடு விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார். யாரோ ஓடிவந்து இரும்புச் சாவிகள் கோத்த திறப்புக் கொத்தொன்றைக் கையில் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. வலிப்பு தன்பாட்டில் வந்தது, தன்பாட்டில் போனது. பெயர் மட்டும் திறப்புக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகும் சுக்கானை அவர் விடவில்லை. வலிப்பு கரையில்தான் வருகிறது, கடலில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு காலைப் பயணத்தில், ஆட்கள் நிறைந்திருந்த லோஞ்ச் துறைமுக வாயை நெருங்கும்போது, சுக்கானைப் பிடித்தபடியே அவருடைய உடம்பு விறைத்தது. லோஞ்ச் பாறைப் பக்கம் திரும்பியது. சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லி என்ற ஊரைச் சேர்ந்த யோகராசா அப்போது எஞ்சின் பார்க்கிற இளம் ஆள். அவர் பாய்ந்து வந்து அபூதாஹிரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுக்கானைத் திருப்பியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குப் பயம் மட்டும்தான்.

முதலாளி கோபக்காரர் அல்ல. வீட்டுக்கே வந்து கதைத்தார்.

"தாஹிர், நீ வேலைய விடாத. ஜெட்டியில நில்லு, சாமான் ஏத்து இறக்கு. ஆனா சுக்கானத் தொடப்படா. என்ட புள்ளைகளும் இந்த லோஞ்சிலதான் போய் வாராங்க."

அபூதாஹிர் தலையை ஆட்டினார்.

அதன்பிறகு வந்த பத்து வருசத்துக்கு மேலான காலத்தை அவர் நடந்தே கழித்தார் என்று சொல்லலாம். வலிப்பு வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியாது. எழும்பும்போது நாக்குக் கடிபட்டிருக்கும், உடம்பு அடித்துப் போட்டதுபோல நோகும், அவ்வளவுதான். அவரைத் தின்றது வலிப்பு வராத நேரம். எந்தக் கணத்தில் வரும் என்று தெரியாமல் எப்படி ஒருவர் சோறு தின்பது, குளிப்பது, நித்திரை கொள்வது? இமை துடித்தால் அதுவா என்று பயம். இடது கைப் பெருவிரல் கொஞ்சம் துள்ளினால் அதுவா என்று பயம். ஆகவே நடந்தார். வீட்டைச் சுற்றி, வேலியோரமாக, ஜெட்டியின் அந்தம் வரை போகாமல் பாதியில் திரும்பி, மறுபடி. பள்ளிவாசலில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். விழுந்தால் மற்றவர்களின் தொழுகை முறியக் கூடாது. பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிக் கட்டிய நூல் கழுத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது. ஆஸ்பத்திரியில் விழுங்கத் தந்த குளிசை வலிப்பைக் குறைத்தது, கூடவே அவரையும் மந்தமாக்கியது. "தலைக்குள்ள ஈரச் சாக்கப் போட்ட மாதிரி இரிக்கு" என்பார்.

ஸல்ஹா அவருக்குப் பின்னால் நடந்தாள். கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. குளிக்கிற மறைப்பின் கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் அவரை இருக்கவிடமாட்டாள். அவர் கத்துவார், "ஒரு ஆம்பளைக்குப் பின்னால இப்பிடியா திரிவாங்க?" அவள் நான்கு முழம் தள்ளி நின்று, அவர் நடக்கத் தொடங்கியதும் மறுபடி நடப்பாள்.

எழுபத்தெட்டில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் குளிசை எடுக்கப் போனபோதுதான் டொக்டர் சோமசேகரத்தைச் சந்தித்தார்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். கதைக்கும்போது பேனையை மூடித் திறந்து மூடிக்கொண்டேயிருப்பார். அமெரிக்காவில் மூளையின் மின்னோட்டத்தை ஆராயும் இடமொன்றில் சில வருசம் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கு பார்த்ததைப் போல ஒரு பெட்டியைத் தானே கட்டியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் வலிப்பு வருத்தக்காரர்களில் யாராவது விரும்பினால், வேலை முடிந்த பிறகு ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த தன் வீட்டில் அதில் பழக்கிப் பார்க்க நினைத்திருந்தார்.

"இது மருந்தில்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "சுகம் வரும் எண்டு சத்தியம் பண்ணவும் மாட்டன். விருப்பமெண்டால் வாங்கோ. குளிசையை மட்டும் நிப்பாட்டக் கூடாது."

அபூதாஹிர் ஸல்ஹாவைப் பார்த்தார். ஸல்ஹா டொக்டரைப் பார்த்தாள். "வருவம்" என்று அவள்தான் சொன்னாள். மற்ற வருத்தக்காரர்களில் சிலர் ஓரிரு முறை வந்து நின்றுவிட்டார்கள். கடலைக் கடந்து வரவேண்டிய இவர்கள்தான் விடாமல் வந்தார்கள்.

அந்தப் பயணமே அவருக்குத் தண்டனையாக இருந்தது. தான் ஓட்டிய லோஞ்சில், மூட்டைகளுக்கு நடுவில், பயணியாக இருக்கவேண்டும். சுக்கான் இப்போது யோகராசாவின் கையில். யோகராசா திரும்பிப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, சுகமா இருக்கிறியளா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்த அன்புகூட அபூதாஹிருக்குக் குத்தும்.

ஓர்ஸ் ஹில் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு சாய்மனைக் கதிரை, மேசையில் சூட்கேஸ் அளவில் அந்தப் பெட்டி. டொக்டர் அவருடைய தலையில் சில இடங்களைப் பஞ்சால் துடைத்து, பசைபோல ஒன்றைத் தடவி, சட்டைப் பொத்தான் அளவான உலோகத் தட்டுகளை ஒட்டினார். அவற்றிலிருந்து மெல்லிய வயர்கள் பெட்டிக்குப் போயின.

"கரண்ட் அடிக்குமா டொக்டர்?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"இல்லையம்மா. இது அவருக்குள்ள ஒண்டையும் அனுப்பாது. மூளையில தன்பாட்டில ஒரு மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கு. அதை எடுத்துப் பெரிசாக்கிக் காட்டும். கண்ணாடி மாதிரி. கண்ணாடி முகத்தை ஒண்டும் செய்யாது. ஆனா அதைப் பாத்துத்தானே தாடியைச் சரியா ஒதுக்கலாம்?"

பெட்டியின் முகப்பில் இரண்டு சிறிய பல்ப். உடம்பு அமைதியாகவும் புத்தி விழிப்பாகவும் இருக்கும்போது மூளையில் ஓர் ஒழுங்கான அலை எழும், அது எழுந்தால் பச்சை எரியும். அசைந்தாலோ பல்லைக் கடித்தாலோ வேறு குழப்பமான அலை வந்தாலோ சிவப்பு எரியும். பச்சையை அதிக நேரம் எரிய வைக்கப் பழகப் பழக, மூளை அந்த அமைதியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும், வலிப்பு குறையலாம். இதுதான் டொக்டர் சொன்னதன் சாரம்.

"இத எப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்று அபூதாஹிர் கேட்டார்.

"பூனைகளில. அந்த அலை எழும்பினால் பூனைக்குக் கொஞ்சம் பால் கொடுத்தினம். பூனைகள் பழகிட்டுது. பிறகு வேறொரு பரிசோதனைக்காக அதே பூனைகளுக்கு வலிப்பு வரவைக்கிற ஒரு நச்சுப் புகையைக் கொடுத்தபோது, பழகின பூனைகளுக்கு மட்டும் வலிப்பு லேசில வரேல்ல. அதுக்குப் பிறகுதான் மனிசருக்குச் செய்து பாத்தினம்."

"அப்ப நான் பூனையா?" என்றார் அபூதாஹிர்.

"பூனைக்குப் பால். உங்களுக்குத் தேத்தண்ணி" என்று டொக்டர் சிரித்தார். "இதை இப்ப வேற வருத்தங்களுக்கும் பாக்கினம். தலையிடி, நித்திரையில்லாதது, ஓரிடத்தில இருக்கமாட்டாத பிள்ளைகள். எல்லாம் இன்னும் பரிசோதனைதான்."

ஸல்ஹா உடனே நிமிர்ந்தாள். "ஓரிடத்தில இரிக்காத புள்ளைகளா? அப்ப இவருக்கு ரெண்டுக்கும் சேத்துப் பூட்டுங்க."

அந்த வீட்டில் அபூதாஹிர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அதன்பிறகு வந்த வாரங்களில் அவர் கண்டதெல்லாம் சிவப்பு. கண்ணை மூடினாலும் சிவப்பு, மூச்சைப் பிடித்தாலும் சிவப்பு. கலிமா சொல்லிப் பார்த்தார். ஒரு கணம் பச்சை மினுங்கியது. மினுங்கிவிட்டதே என்று மனம் துள்ளியதும் சிவப்பு வந்தது. பெட்டிக்குத் தன்மேல் ஏதோ பகை என்று நம்பத் தொடங்கினார்.

"எப்பிடி எரிய வைக்கிற? ஒரு வழி சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது" என்றார் டொக்டர். "ஒருத்தருக்கும் சொல்லித்தர ஏலாது. சைக்கிள் ஓடப் பழகின மாதிரி. விழுந்து எழும்பி ஒருநாள் தானா வரும்."

"ஒங்களுக்கே தெரியாததுக்கு எதுக்கு என்னக் கடல் தாண்டி வரச்சொன்ன?"

அன்றைக்கு வயர்களைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போனார். பசை ஒட்டிய தலையோடு சரிவில் இறங்கி உள்துறைமுகத்தைப் பார்த்தபடி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் ஸல்ஹா. அவர் திரும்பி, "நீயும் அந்தப் பெட்டியும் ஒன்டுதான். ரெண்டு பேரும் என்ன விடாமப் பாத்துக்கொண்டே இரிக்கிறீங்க!" என்று கத்தினார்.

ஸல்ஹா நின்றுவிட்டாள். அத்தனை வருசத்தில் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. "பாக்காம விட்டிருந்தா நீங்க கிணத்துக்குள்ள கிடந்திருப்பீங்க. எனக்கென்ன, ஒங்கட முதுகப் பாத்துக்கொண்டு நடக்க ஆசையா?" என்றாள். தெருவென்றும் பாராமல் அழுதாள்.

அவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள். வேறு என்ன செய்வது?

பச்சை வந்த விதத்தை அபூதாஹிரால் பிறகு எவருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்த முடியவில்லை. அன்றைக்கு வெக்கை. மின்சாரம் நின்று காற்றாடி ஓய்ந்துவிட்டது. பெட்டி பற்றரியில் ஓடுவதால் அது மட்டும் வேலை செய்தது. அவருக்கு முயற்சி செய்யவே அலுத்துப்போயிருந்தது. கதிரைக் கைப்பிடிமேல் கைகளை வைத்தபடி கிடந்தவர், துறைமுக வாய்க்கு முன்னால் அலை குறுக்கே வரும் இடத்தை நினைத்தார். அந்த இடத்தில் சுக்கானைத் திருப்பக் கூடாது. திருப்பத் தயாராக, ஆனால் திருப்பாமல், கையைப் பிடியில் வைத்திருக்கவேண்டும். லோஞ்ச் தானே நிமிரும். கை சும்மா, கண் முழிப்பு. அப்படி நின்ற ஞாபகம் உடம்புக்குள் வந்தது. பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

டொக்டர் பேனையை மூடித் திறப்பதை நிறுத்திவிட்டார். ஸல்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல்ப் அணைந்ததும் அபூதாஹிர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் என்று டொக்டர் நினைத்தார். ஸல்ஹாவுக்குத் தெரியும், அவருக்குச் சுக்கான் ஞாபகம் வந்துவிட்டது.

அதன்பிறகு பச்சை அடிக்கடி வந்தது. மாதங்கள் போக வலிப்பும் குறைந்தது. முன்பு வாரம் தவறாமல் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு ஒரு நோன்புப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரை வரவேயில்லை. ஊரில் கதை பரவியது. லெப்பையின் நூல் என்று சிலர், பெட்டி என்று சிலர், இரண்டுமில்லை வயது போக வருத்தம் தணிந்துவிட்டது என்று சிலர். அபூதாஹிர் மட்டும் சந்தேகப்படவில்லை. பச்சைதான். பச்சைதான் தன்னைச் சுகமாக்கியது. அப்படியானால் ஈரச் சாக்குப்போலத் தலைக்குள் கிடக்கும் குளிசை எதற்கு? ஸல்ஹா தரும் குளிசையை வாய்க்குள் ஒதுக்கி வைத்து, வேலியோரம் போய்த் துப்பத் தொடங்கினார். சில கிழமைகளுக்கு உலகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. உற்சாகம் தாங்கவில்லை. முன்பு பயத்தில் நடந்தவர் இப்போது ஆசையில் நடந்தார். ஜெட்டியின் அந்தம் வரைக்கும் போய் வந்தார்.

முதலாளியிடம் போய்ச் சுக்கானைக் கேட்டார். "டொக்டர் கடிதம் தந்தா யோசிப்பம்" என்றார் முதலாளி. டொக்டரிடம் கேட்டார்.

"ஏலாது" என்றார் சோமசேகரம்.

"எனக்குச் சுகம் டொக்டர். நீங்களே கண்டயள்தானே?"

"குறைஞ்சிருக்கு. சுகமெண்டு நான் சொல்லேல்ல. நாப்பது ஐம்பது பேரை ஏத்திக்கொண்டு போற வேலை, அபூதாஹிர். அதுக்கு என்ர கையெழுத்து வராது."

"பச்சை எரிய வைக்கச் சொல்லிக் குடுத்துட்டு, எதுக்காக எரிய வைக்கிற என்டத எடுத்துக்கொண்டயள்" என்றார் அபூதாஹிர். விடைபெறாமலே இறங்கிப் போனார்.

அன்றைக்குத் திரும்பும் பயணத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஆட்கள் குறைவு, சந்தைக்கு வந்துவிட்டுப் போகிற சிலரும் மாவு மூட்டைகளும்தான். அபூதாஹிரின் முகத்தைப் பார்த்து யோகராசாவுக்கு மனம் இளகியிருக்கவேண்டும். நடுக்குடாவில் மெல்லக் கூப்பிட்டார்.

"காக்கா, கொஞ்சம் பிடிக்கிறியளா? நான் பக்கத்திலதான் நிப்பன்."

செய்யக்கூடாத காரியம் என்று இருவருக்கும் தெரியும். அபூதாஹிர் எழும்பிப் போய்ச் சுக்கானைப் பிடித்தார். ஸல்ஹா கண்டாள். எழுந்து போய்த் தடுக்க நினைத்தாள். ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தாள். அவள் பின்னால் நடந்த இத்தனை வருசத்தில் அந்த முதுகு அப்படி நிமிர்ந்ததேயில்லை. அவளால் எழும்ப முடியவில்லை.

மூதூர்க் கரை மரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியபோது, அபூதாஹிரின் இடது பெருவிரல் துள்ளியது.

முன்பெல்லாம் அந்தத் துள்ளலுக்கும் விழுவதற்கும் இடையில் அவருக்கு நேரமே இருந்ததில்லை. அல்லது இருந்திருக்கும், பயம் அதை விழுங்கியிருக்கும். இப்போது, உடம்பை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கப் பழகிய மனிதருக்கு, ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. வாய்க்குள் துருப்பிடித்த ருசி. இன்னும் சில மூச்சுத்தான். அந்தச் சில மூச்சுக்குள், இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் போய்விடும், பச்சையை வரவைத்தால் போய்விடும் என்று ஓர் ஆசை அவரைப் பிடித்து இழுத்தது. அதைப் பிறகு அவரே சொன்னார். முன்னால் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு இருந்தாள்.

"யோகு, பிடி! வருது!"

யோகராசா பாய்ந்து பிடித்தார். அபூதாஹிர் சுக்கானைத் தள்ளிவிட்டு, தானாகவே பலகைமேல் சரிந்து படுத்தார். பிறகு வலிப்பு வந்தது. நீண்ட, மோசமான வலிப்பு. ஸல்ஹா தன் முந்தானையைச் சுருட்டி அவருடைய தலைக்குக் கீழ் வைத்து, அவரைச் சரித்துப் பிடித்தாள். யாரோ திறப்பை நீட்டினார்கள். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

கரையில் கூச்சல். பிள்ளையோடு இருந்தவளின் புருசன் யோகராசாவின் சட்டையைப் பிடித்தான். முதலாளி வந்தார். நினைவு திரும்பிய அபூதாஹிர், நாக்குத் தடிக்க, "அவன்ட பிழையில்ல. நான்தான் கெஞ்சிக் கேட்ட" என்றார். யோகராசா மறுக்க வாயெடுத்தார். அபூதாஹிர் அவருடைய கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். யோகராசாவின் வேலை தப்பியது.

வீட்டில் ஸல்ஹா கேட்டாள், "இத்தின மாசமா வராதது இப்ப ஏன் வந்த?" அவர் சுவரைப் பார்த்தார். அப்படியே பார்த்தபடி குளிசையைத் துப்பிய கதையைச் சொன்னார். அவள் ஏசவில்லை. வேலியோரம் போய் நின்றுவிட்டு வந்தாள்.

இரண்டு பேரும் ஓர்ஸ் ஹில்லுக்குப் போய் டொக்டரிடமும் சொன்னார்கள். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது, முகம் சிவந்தது. பிறகு தன் கதிரையில் இருந்தார்.

"நானும் பல்பைத்தான் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன்" என்றார். "பச்சை கூடுது எண்டு சந்தோசப்பட்டேனே தவிர, குளிசை போடுறியளா எண்டு ஒருநாளும் வடிவாக் கேக்கேல்ல."

"அப்ப பெட்டி பொய்யா?"

"பொய் எண்டும் சொல்ல ஏலாது. குளிசை போட்டுக்கொண்டு முந்தியும் வாரத்துக்கு வாரம் வந்தது, பழகின பிறகு குறைஞ்சது. குளிசையை விட்ட பிறகு திரும்பி வந்தது. ரெண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். நீங்க கிழமைக்குக் கிழமை ஒரு இடத்தில வந்து அமைதியா இருந்ததே உதவியிருக்கலாம். ஒரு ஆளை வைச்சுக்கொண்டு எனக்கு அதைச் சொல்லத் தெரியாது." பேனையை மூடித் திறந்தார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். வரப்போகுது எண்டு எப்பிடித் தெரிஞ்சுது?"

"கை சொல்லிச்சு" என்றார் அபூதாஹிர். "முந்தியும் சொல்லியிருக்கும். நான் கேக்கல்ல."

சுக்கானைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. கடிதம் கேட்கவுமில்லை. குளிசை தொடர்ந்தது, டொக்டர் அளவை மாற்றிக் கொடுத்ததில் மந்தம் கொஞ்சம் விலகியது. பயிற்சியும் தொடர்ந்தது. எண்பத்தொன்றில் டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்வரை இருவரும் போய் வந்தார்கள். அந்த நேரம் நாட்டு நிலைமையைப் பார்த்துப் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போனாலும் வேலை செய்யாத அளவுக்கு உப்புக்காற்று அதன் வயர்களைத் தின்றிருந்தது. போகும்போது டொக்டர் அபூதாஹிரின் கையைப் பிடித்து, "பல்ப் இல்லாமலும் இருந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

இருந்து பார்த்தார். சில நாள் அந்த அமைதி வந்தது, சில நாள் வரவில்லை. வந்ததா என்று சொல்ல எதிரில் விளக்கு எதுவும் இல்லாததால், வராத நாளில் அவருக்கு எரிச்சல் வரும், எழும்பி நடப்பார். வலிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. வருசத்துக்கு ஓரிரு முறை வரும், பெரும்பாலும் கை முதலில் சொல்லும், அவர் தரையில் இருந்துகொள்வார். ஜெட்டியில் லோஞ்சுக்கு ஆட்களையும் பாரத்தையும் எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்து இருத்தும் வேலையை முதலாளி அவருக்குக் கொடுத்தார். அந்த வேலை அவருக்குப் பொருந்தியது, இங்குமங்கும் ஓடிக்கொண்டேயிருக்கலாம். மாலையில் கடைசி லோஞ்ச் புறப்படும்போது மட்டும் அது சிறுத்துப் போகும் வரை பார்த்து நிற்பார்.

எண்பத்திரண்டில் ஒருநாள், திருகோணமலைக்குக் குளிசை எடுக்கப் போகவேண்டியிருந்தது. மகன் கட்டிய மருமகளுக்கு வீட்டில் பிள்ளைப்பேறு நேரம். ஸல்ஹா யோசித்துக்கொண்டு நின்றாள்.

"நான் தனியப் போய் வாறன்" என்றார் அபூதாஹிர். "யோகு இரிக்கான். கை சொன்னா இருந்துகொள்வன்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு, "போய்ட்டு வாங்க" என்றாள்.

அவர் வேலியைத் தாண்டிப் போனார், சந்தியில் திரும்பினார், மறைந்தார். ஸல்ஹா குசினிக்குள் வந்தாள். சோறு வடித்தாள். அலுமாரியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். முற்றத்துக்கு வந்தாள், மறுபடி உள்ளே போனாள். மருமகள் கட்டிலில் சாய்ந்தபடி, "என்ன மாமி, ஒரு இடத்தில இருங்களேன்" என்றாள்.

"எனக்கும் ஏலாமக் கிடக்கு புள்ள" என்றாள் ஸல்ஹா. செருப்பை மாட்டிக்கொண்டு வேலிவரை போனாள். அங்கிருந்து ஜெட்டிப் பக்கம் போகக் கால் எழுந்தது. போகவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் லோஞ்சின் எஞ்சின் சத்தம் கிளம்பித் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் அவர் குளிசைப் பொட்டலத்தோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்து சேர்ந்தார். அவள் செருப்பை இன்னும் கழற்றியிருக்கவில்லை. அவர் அதைக் கண்டுவிட்டு ஒரு பழத்தை உரித்து நீட்டினார். அடுத்த மாதமும் அவர் தனியாகத்தான் போனார்.